கார்டு தொலைந்தால், ஊருக்குப் பணம் போக வேண்டுமென்றால்

“தம்பி, மெஷின்ல கார்டு செல்லாதுன்னு வருதுப்பா. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டு அம்மா பேசினார். நான் சிங்கப்பூர் துவாஸில் இரவு வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போது என் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வெளிநாடு போகிற நம் பிள்ளைகள் பெரும்பாலும் செய்கிற காரியம்தான். அந்தக் கார்டின் காலம் முந்தின மாதக் கடைசியோடு முடிந்திருந்தது. வங்கி புதுக் கார்டை அனுப்பித்தான் இருந்தது, நாங்கள் எப்போதோ காலி செய்துவிட்ட வாடகை வீட்டு முகவரிக்கு. அது திரும்பிப் போயிருந்தது. செயலியில் நுழைந்து முகவரியை மாற்றலாம் என்றால் ஓடிபி என் இந்திய எண்ணுக்குப் போனது. அந்த எண்ணுக்கு ஐந்து மாதமாக நான் ரீசார்ஜ் செய்யவில்லை. இணைப்பையே துண்டித்துவிட்டார்கள்.

கணக்கில் பணம் இருந்தது. அம்மாவின் கையில் சர்க்கரை மாத்திரை வாங்கக் காசு இல்லை. புதுக் கார்டு வீட்டுக்கு வர 47 நாள் ஆனது. அதுவரை பக்கத்து வீட்டு அக்காவின் கணக்குக்குப் பணம் அனுப்பி, அவர் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

அந்த 47 நாளில் கற்றதும், அதற்குப் பிறகு உடன் வேலை செய்தவர்களுக்காக வங்கி வங்கியாக ஏறி இறங்கிக் கற்றதும் இந்த அத்தியாயத்தில் இருக்கின்றன. சிங்கப்பூரை வைத்தே எழுதுகிறேன். இந்திய வங்கிக் கணக்கைப் பற்றிய பகுதிகள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

கார்டைவிட சிம் பெரிது

கார்டு தொலைந்தால் வேறு கார்டு வரும். வங்கியில் பதிந்த கைபேசி எண் போய்விட்டால், அந்தக் கார்டைக் கேட்கிற வழியே அடைபடும். புதுக் கார்டு கேட்கவும், பின் நம்பர் போடவும், முகவரி மாற்றவும் ஓடிபி வேண்டும். அதனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலைகளில் முதலிடத்தை நான் சிம் கார்டுக்கே கொடுப்பேன்.

இந்தியாவில் இருக்கும்போதே அந்த எண்ணில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். விமானம் ஏறிய பிறகு திறப்பது பெரும்பாடு. ரோமிங்கில் குறுஞ்செய்தி வருவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, பேசினாலோ செய்தி அனுப்பினாலோ டேட்டா ஓடினாலோதான் காசு போகும். ஆகவே டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, இந்திய சிம்மைப் போனின் இரண்டாவது இடத்தில் போட்டு வையுங்கள். குறைந்த கட்டணத் திட்டமாக இருந்தாலும் காலாவதி ஆகாமல் ரீசார்ஜ் நடக்கட்டும். தொடர்ந்து 90 நாள் பயன்படாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் எடுத்துக்கொண்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். அப்படிக் கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் போனில் அடிக்கும்.

சிம் பழுதாகி ஊரில் தம்பி மூலம் மாற்று சிம் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். மாற்று சிம்முக்கு உரியவரே நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும். மாற்றிய பிறகும் முதல் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் குறுஞ்செய்தி வராது. சிம் மாற்றி மோசடி செய்வோரைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை போட்ட விதி அது.

இன்னும் நல்ல வழியும் உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்குப் பல வங்கிகள் வெளிநாட்டு எண்ணையே பதிய விடுகின்றன. உங்கள் சிங்கப்பூர் எண் +65 என்று வங்கிப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கூடவே மின்னஞ்சல் முகவரியையும் பதியச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்காக வெளிநாடு போய்விட்டால், அந்நியச் செலாவணிச் சட்டப்படி பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு ஒன்றைத் தனியே திறப்பது நல்லது. என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அதிலுள்ள பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவும் தடை இல்லை. என்ஆர்ஓ கணக்கு ஊரில் வருகிற வாடகை, விளைச்சல் பணம் போன்றவற்றுக்கு உரியது. அதன் வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் வரியும் பிடிப்பார்கள். இந்த வேறுபாட்டை யாரும் சொல்லாததால் வருடக்கணக்கில் சாதாரணக் கணக்கிலேயே சம்பளம் போட்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார்டு தொலைந்ததும் வரும் அந்த ஒரு மணி நேரம்

பர்ஸ் காணோம் என்று தெரிந்ததும் தேடிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் முடக்குங்கள், பிறகு தேடுங்கள். சிங்கப்பூர் வங்கிகளின் செயலியில் கார்டைத் தற்காலிகமாகப் பூட்டுகிற வசதி இருக்கிறது. தொலைந்தது உறுதி என்றால் அங்கேயே மாற்றுக் கார்டும் கேட்கலாம். போனும் சேர்ந்து தொலைந்தால் நிலைமை கடுமை. பரிவர்த்தனையை உறுதி செய்யும் டிஜிட்டல் டோக்கன் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. உடன் இருப்பவர் போனை வாங்கி வங்கியின் அவசர எண்ணை அழைத்துக் கணக்கு முழுவதையும் முடக்கச் சொல்லுங்கள். “எமர்ஜென்சி கில் ஸ்விட்ச்” என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இந்தியக் கார்டு என்றால் செயலியிலேயே முடக்கலாம். செயலி திறக்கவில்லை என்றால் தொலைபேசிதான். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது, அந்தக் கார்டோ இப்போது உங்களிடம் இல்லை. ஆகவே +91-இல் தொடங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் எண்ணைக் கிளம்பும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். நான் என் பாஸ்போர்ட் உறையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் வங்கியின் +91 எண், கார்டின் கடைசி நான்கு இலக்கம், வாடிக்கையாளர் எண், கிளையின் பெயர் மட்டும் இருக்கும். பின் நம்பரும் கடவுச்சொல்லும் அதில் இருக்கவே கூடாது.

முடக்கச் சொன்னதும் புகார் எண் கேட்டு, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்துக்குப் பண மதிப்பு உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தைச் சுருட்டியிருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு ஒரு ரூபாயும் நட்டம் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்புவரை நட்டம் நம்முடையது. பின் நம்பரையோ ஓடிபியையோ நாமே யாரிடமாவது கொடுத்திருந்தால், புகார் சொல்லும் நிமிடம்வரை போனதெல்லாம் நம் தலையில். புகார் பதிவான பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அந்த நிமிடம் எது என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் சாட்சி புகார் எண்தான்.

புதுக் கார்டு எந்த வழியில் வரும்?

இதில் வங்கிக்கு வங்கி வழக்கம் மாறும். சில வங்கிகள் வெளிநாட்டு முகவரிக்கே கூரியரில் அனுப்புகின்றன. சில வங்கிகள் இந்திய முகவரிக்கு மட்டுமே அனுப்பும். வாடிக்கையாளர் சேவையில் பேசும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கார்டு எந்த முகவரிக்குப் போகும், பின் நம்பரை எங்கே எப்படி உருவாக்க வேண்டும், வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்குமா. மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2020 அக்டோபர் 1 முதல், புதிதாக வழங்கும் கார்டில் உள்நாட்டு ஏடிஎம்மும் கடை மெஷினும் மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையப் பரிவர்த்தனையையும் நாமேதான் செயலியில் திறக்க வேண்டும். கார்டு வந்தும் முஸ்தபா சென்டர் கடையில் செல்லவில்லை என்று ஒருவர் என்னிடம் வந்தார். கோளாறு கார்டில் இல்லை, அந்த ஒரு பொத்தானை அவர் தட்டவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூருக்கே வரவழைப்பது என்றால் முகவரியில் கவனம் வேண்டும். தொழிலாளர் விடுதிக்கு வரும் கூரியர், நாம் வேலையில் இருக்கும் பகல் நேரத்தில்தான் வரும். காவலர் அறையில் வைத்துவிட்டுப் போவார்கள், அல்லது ஆளில்லை என்று திருப்பிவிடுவார்கள். நிறுவன அலுவலகத்தின் முகவரியைக் கொடுத்து, அங்குள்ள மனிதவளப் பிரிவில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் +65 எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். உறையைப் பிரிக்கும்போது ஓரம் கிழிந்து ஒட்டியது போல் தெரிந்தால் கார்டைப் பயன்படுத்தாமல் வங்கிக்குச் சொல்லுங்கள்.

கார்டு வருவதற்குள் கையில் காசு வேண்டுமே? விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் வெளிநாட்டில் கார்டு தொலைத்தவருக்கு அவசரப் பணமும் தற்காலிகக் கார்டும் ஏற்பாடு செய்யும் உதவிச் சேவை நடத்துகின்றன. கார்டைக் கொடுத்த வங்கி ஒப்ப வேண்டும், கட்டணமும் உண்டு. வேலை செய்யும் ஊரிலேயே கணக்கு உள்ளவருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. புதிதாக வந்து முதல் சம்பளம் வாங்காதவருக்கும், உறவினரைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் கைகொடுக்கும். ரூபே கார்டு வைத்திருப்பவர்கள் அது உள்நாட்டுக்கு மட்டுமானதா, வெளிநாட்டிலும் செல்லும் ரூபே குளோபலா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளவும்.

அம்மா கையில் உங்கள் கார்டு

இதைக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். நம் வீடுகளில் இது அன்பினால் நடக்கிற ஏற்பாடு. பிள்ளையின் கார்டு அம்மாவின் சுருக்குப்பையிலோ மனைவியின் பீரோவிலோ இருக்கும். பின் நம்பர் காலண்டரின் பின்பக்கம் எழுதியிருக்கும். பணம் எடுக்கத் தெரியாத அம்மா ஏடிஎம் வாசலில் நிற்கும் ஒரு பையனிடம் கார்டைக் கொடுத்து “அஞ்சாயிரம் எடுத்துக் குடுப்பா” என்பார். அந்தப் பையன் அதே நிறத்தில் வேறொரு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன கதைகள் எத்தனை! அப்படிப் போன பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. பின் நம்பரைச் சொன்னது நாம்.

இதற்கு நேரான வழி, அம்மாவின் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு, அம்மாவின் பெயரிலேயே கார்டு, அம்மாவின் போனிலேயே ஓடிபி. செலவுக்கான பணத்தை மட்டும் அதில் போடுங்கள். பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோருக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. நண்பருக்கு அனுப்பினால் கதை வேறு. உறவினர் அல்லாதவரிடமிருந்து வருடத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வருவது அவர் வருமானமாகக் கணக்காகும்.

உங்கள் கணக்கையே வீட்டார் இயக்க வேண்டியிருந்தால் அதற்கும் சட்டப்படியான வழி இருக்கிறது. என்ஆர்இ கணக்கில் நெருங்கிய உறவினரைக் கூட்டாகச் சேர்க்கலாம். அவர் உங்கள் அதிகாரப் பத்திரத்தின் பேரில்தான் அதை இயக்க முடியும். சிங்கப்பூரில் இருந்தபடி அதிகாரப் பத்திரம் எழுதினால் கிரேஞ்ச் சாலையிலுள்ள இந்தியத் தூதரகத்தின் சான்று தேவைப்படும். அந்த அதிகாரம் பெற்றவர் வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், கடன் தவணை போன்ற உள்நாட்டுச் செலவுகளைச் செய்யலாம். நான் அம்மாவுக்குத் தனிக் கணக்கு திறந்தேன். கார்டு கையில் வந்த நாளில் அதில் தன் பெயரைத் தடவிப் பார்த்தார் என்று தங்கை சொன்னாள்.

வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) அனுப்புவது

ஞாயிறு மாலையில் தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்தால், பணம் அனுப்பும் கடைகளின் பலகைகளில் அன்றைய விலை எழுதியிருக்கும். “கட்டணம் இல்லை” என்ற வரி எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து வரிசையில் நிற்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ஆயிரம் வெள்ளி கொடுத்தால் அம்மா கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?”

கணக்குக்காக ஒரு உதாரணம். ஒரு கடையில் கட்டணம் இல்லை, வெள்ளிக்கு 64.20 ரூபாய். 64,200 ரூபாய் போகும். இன்னொரு இடத்தில் 5 வெள்ளி கட்டணம், விலை 64.90. மீதி 995 வெள்ளிக்கு 64,575 ரூபாய் போகும். கட்டணம் வாங்கியவரிடம் 375 ரூபாய் கூடுதல். மாதா மாதம் அனுப்புகிறவருக்கு வருடத்தில் 4,500 ரூபாய். கட்டணம் இல்லை என்கிறவர் தன் லாபத்தை விலைக்குள் வைத்திருக்கிறார்.

வழிகள் பல. பணம் அனுப்பும் கடைகள், கைபேசிச் செயலிகள், வங்கியின் ஸ்விஃப்ட் பரிமாற்றம், சிங்கப்பூரின் பேநவையும் இந்தியாவின் யுபிஐயையும் சேர்க்கும் பேநவ் – யுபிஐ இணைப்பு. ஸ்விஃப்டில் இடையிலுள்ள வங்கிகளும் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கும், இந்தியாவில் நாணய மாற்றுக்கு ஜிஎஸ்டியும் உண்டு. வீடு கட்ட, நிலம் வாங்கப் பெருந்தொகை அனுப்பும்போது, பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான சான்றை வங்கியிடம் வாங்கி வைக்க வேண்டும். அப்போது வங்கி வழிதான் மேல். மாதச் செலவுக்கு அது தேவையில்லை.

பேநவ் – யுபிஐ இணைப்பு 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. தொடக்கத்திலேயே ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ், டிபிஎஸ் இந்தியா ஆகியவற்றின் கணக்குகளுக்குப் பணம் வரும்படி அமைத்தார்கள். ஆரம்ப வரம்பு நாளொன்றுக்கு 60,000 ரூபாய், ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி. நள்ளிரவில் அனுப்பினாலும் உடனே விழும். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று ஞாயிறு இரவு போன் வரும்போது அதன் அருமை தெரியும். பட்டியலிலுள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. வெளிநாட்டு வங்கித் தொழிலை நோக்கமாகக் கொண்டு செட்டிநாட்டிலிருந்து எழுந்த வங்கி அது.

பணம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று ஐஎஃப்எஸ்சி. அது 11 எழுத்து, முதல் நான்கு வங்கிக்கு, ஐந்தாவது எப்போதும் பூச்சியம். அதை ஆங்கில ‘ஓ’ என்று எழுதிவிடுவார்கள். வங்கிகள் இணைந்தபோது பல கிளைகளின் எண்கள் மாறியும் இருக்கின்றன, பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதக் கூடாது. இரண்டாவது, நம் தமிழ்ப் பெயர். பாஸ்புக்கில் “எஸ். முருகன்” என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து “சுப்பிரமணியன் முருகன்” ஆகியிருக்கும். கடைக்காரர் ஒன்றை எழுத, வங்கி வேறொன்றைப் பார்க்கும். பெறுபவரின் பெயரைப் பாஸ்புக்கில் உள்ளபடியே, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதுவரை எழுதுங்கள். முதல் தடவை 20 வெள்ளி அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் பெரிய தொகையை அனுப்புங்கள்.

உண்டியல் வேண்டாம்

விடுதியில் ஒருவர் வந்து கடையைவிட வெள்ளிக்கு அரை ரூபாய் கூட்டித் தருவதாகச் சொல்வார். ரசீது இல்லாமல் பணம் அனுப்பும் இந்த வழிக்குத்தான் உண்டியல் என்று பெயர். மறுநாளே வீட்டுக்குப் பணம் போய்விடும், அதனால் நம்பிக்கையும் வரும். சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அம்மா கணக்கில் விழுகிற பணம் யாருடையது என்பதுதான் என் பயம். இணைய மோசடியில் யாரிடமோ பறித்த பணத்தை இப்படித்தான் பல கணக்குகளில் பிரித்துத் தள்ளுகிறார்கள். பறிகொடுத்தவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொன்னதும், அந்தப் பணம் தொட்ட கணக்குகளை எல்லாம் போலீஸ் முடக்கச் சொல்லும். அம்மாவின் கணக்கு முடங்கும். புகார் பதிவான இடம் எங்கோ ஒரு வடமாநிலக் காவல் நிலையமாக இருக்கும். அறுபது வயதுக்காரர் அங்கே எதை எடுத்துப் போய் எப்படி விளக்குவார்? பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

சிங்கப்பூரில் பணம் அனுப்பும் தொழிலுக்கு நாணய ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஆணையத்தின் இணையதளப் பட்டியலில் கடையின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அதேபோல், உங்கள் வங்கிக் கணக்கையோ, சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளக் கணக்கையோ “ஒரு வாரத்துக்குக் கொடு, முந்நூறு வெள்ளி தருகிறேன்” என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அங்கே அது சிறைக்குப் போகிற குற்றம், வேலை அனுமதியும் போய்விடும்.

ஊர் திரும்பும்போது

கடைசிச் சம்பளமும் பாக்கிகளும் வந்து சேரும்வரை சிங்கப்பூர்க் கணக்கை மூடாதீர்கள். அந்தக் கார்டு விமான நிலையம்வரை கூடவே இருக்கட்டும். ஊரில் கால் வைத்ததும் வங்கிக்குப் போய், நிரந்தரமாகத் திரும்பிவிட்டதாக எழுதிக் கொடுத்து என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். பயன்படாமல் கிடக்கும் பழைய கணக்கு ஏதும் இருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். நாமாக ஒரு பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு வருடம் போனால் கணக்கு செயல்படாததாகிவிடும், பத்து வருடம் போனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும், கேஒய்சி ஆவணங்களோடு கிளைக்குப் போக வேண்டும். பதிவேட்டில் இருக்கும் +65 எண்ணை எடுத்துவிட்டு உங்கள் இந்திய எண்ணைப் போடச் சொல்லி, ஒரு ஓடிபி வருகிறதா என்று அந்தக் கவுன்டரிலேயே நின்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.